கேட்கும் முன்பே கொடுத்த சொல்

ஜனவரி 11, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தாலாவுக்குப் பல் முளைக்கிறது. பத்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து வருகிறதோ. இப்போதுதான் கண் மூடினாள். விளக்கைப் போட்டால் விழித்துவிடுவாள் என்று கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

தாலாவின் அப்பா முஹன்னத் கடலோர உப்பு ஆலையில். இந்த வாரம் முழுக்க இரவுப் பணி. கடலுக்கு இறங்கும் சாலையில் மண் சரிந்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று முறை அழைத்த பிறகு "சேர்ந்தாச்சு" என்று ஒரு வார்த்தை அனுப்பினார். அவருக்கு அதுவே அதிகம்.

இன்று தடுப்பூசி நாள். காலையிலிருந்து மழை. தாய்சேய் நிலையத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாதிக்கு, மழையில் மட்டும் ஓடும் அந்தக் காட்டாற்றுக்கு, இந்தப் பக்கத்துக் குழந்தைகள் பதினான்கு பேர் வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டியது ஒன்பது பேர். ஒருவரும் இல்லை. வாதியில் வெள்ளம் வந்துவிட்டால் அவர்களுக்கு ஊர் அங்கேயே முடிந்துவிடுகிறது. நான் பிறந்தது அந்தப் பக்கம்தான். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு எனக்கே மறந்துபோய்விட்டதா?

பன்னிரண்டு மணிக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் பக்கத்து உம்மு ஸக்ர், ஸக்ரின் அம்மா. அவள் மடியில் மருமகள். மருமகள் மேல் கம்பளி. கம்பளிக்குள் ஒரு குழந்தை. தண்ணீர் வடியட்டும் என்று அக்கரையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். குழந்தை காத்து நிற்கவில்லை.

"தொப்புள்கொடியை எதால கட்டினீங்க?"

"ஸக்ரோட ஷூ கயித்தால. அதோ ஒரு ஷூவை இழுத்துக்கிட்டு நிக்கிறான் பாரு, புதுசா அப்பன் ஆனவன்."

"பேர் எழுதணுமே."

"ஸைல்னு எழுது. வெள்ளம் பெத்த பிள்ளைக்கு வேற என்ன பேர் வைக்க?"

எல்லோரும் சிரித்தோம். மருமகள் சிரிக்கவில்லை. அவள் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.  

ஜனவரி 12

மருமகள் பிழைத்தாள். குழந்தையும். அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 13, வியாழன்

மூன்று வருடத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். மழை பெய்த செவ்வாய்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்துக் கட்டம் காலி. இருபத்து மூன்று செவ்வாய்கள். வாதியில் ஒரு சிறு பாலம், நான்கு பெரிய சிமெண்ட் குழாய் போட்டு மேலே தளம், அவ்வளவுதான் வேண்டும். அந்தத் தாளுடன், இருநூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துடன், நகராட்சிக்குப் போனேன்.

எழுத்தர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாதி எங்க ரோட்டுக் கணக்குல வராது. நீ ஊசி போடற வேலையைப் பாரும்மா."

பக்கத்து சோபாவில் ஸமாஹெர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கான இடத்தில் நான்கு வருடமாக நகர்மன்ற உறுப்பினர். ஊரின் பெரிய குலத்துக்காரர், குலத் தலைவர் ஷேக் நவ்வாஃபின் அண்ணன் மகள். கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்து ஆடியவர்.

"மழை வருஷத்துல நாலு நாள்தானே அரீஜ்" என்றார்.

"அந்த நாலு நாளும் பிள்ளை பொறக்காதுன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா அக்கா?"

டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு பேச்சு இருக்கே, நீயே எலெக்ஷன்ல நில்லேன்."

கேலிக்குத்தான் சொன்னார். வீடு வரும்வரை அந்தச் சொல் கூடவே நடந்து வந்தது.

ஜனவரி 16, ஞாயிறு

சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் தண்ணீர் இரண்டு தம்ளர் குடித்தேன்.

மாமியார் கரண்டியை நிறுத்தினார். கொழுந்தன் யஸன் என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்தான். நாத்தனார் லுஜைன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. எதற்கும் பயமில்லை.

மாமா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம குலத்துல முப்பது வருஷமா ஒருத்தனும் நிக்கலை. ஜெயிக்க மாட்டோம்னு. நீ நில்லு. நம்ம வீட்டுப் பேரும் சுவத்துல வரட்டும்."

முஹன்னத்தைப் பார்த்தேன். "அப்பா சொல்லிட்டாரே" என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல."

இதையே நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 20, வியாழன்

அரசு வேலையில் இருந்துகொண்டு வேட்புமனு கொடுக்க முடியாது. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். தலைமை நர்ஸ் இந்திஸார் அதை இரண்டு முறை படித்தார்.

"எட்டு வருஷ வேலை. வெளியே போய் ஒரு நாள் நின்னு பாரு, இந்த நாற்காலிக்கு எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு. தோத்தா திரும்பி வரலாம்னு நினைக்காதே."

"நினைக்கலை, ஸிஸ்டர்."

"பொய்" என்றார். பிறகு, தடுப்பூசிப் பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். எட்டு வருடத்துக்கு ஒரு கோடு.

தாலாவுக்குப் பால் கொடுக்கும்போது யோசித்தேன்: இவளுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 15, செவ்வாய்

மனு ஏற்கப்பட்டது. சுவரொட்டியில் என் படம் வேண்டாம், ரோஜாப்பூ போடலாம் என்றான் யஸன். "ரோஜாவா ஓட்டுக் கேக்கப் போகுது?" என்றாள் லுஜைன். என் படம்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு அப்படியே விழுந்திருக்கிறது.

இன்றும் செவ்வாய். இன்றும் மழை. அந்தக் கட்டத்தை யார் எழுதியிருப்பார்கள்?

பிப்ரவரி 23, புதன்

வீடு தலைகீழாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஷேக் நவ்வாஃப் தலைமையில் ஜாஹா வருகிறதாம். முப்பது பேர். "நல்ல காரியமா வர்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் அங்கி போட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குக் கூட்டமாக வருவது மூன்றுக்குத்தான். ரத்தப் பழியை ஆற்ற, சண்டையைத் தீர்க்க, பெண் கேட்க. எங்கள் வீட்டில் பழியும் இல்லை, சண்டையும் இல்லை. லுஜைன் இருக்கிறாள்.

ஷேக்கின் அக்கா மகன் ஒருவன் அவள் கல்லூரி வாசலில் இரண்டு முறை காரை நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும்.

"காரைத்தான் நிறுத்தினான், வாயைத் திறக்கலையே" என்றாள் லுஜைன். ஆனால் பச்சை உடுப்பை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள்.

மாமா தன் பழுப்பு அங்கியை வெயிலில் காயவைத்தார். முப்பது பேருக்குக் குனாஃபா இனிப்பு சொல்லியாயிற்று. பெரிய குலம் எங்கள் வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவர் நடையே மாறிவிட்டது.

பிப்ரவரி 25, வெள்ளி

எழுதவே கை வரலை. எழுதணும். மறந்துபோன மாதிரி நடிப்பாங்க, அதனால எழுதணும்.

தொழுகை முடிந்து வந்தார்கள். நான் சமையலறையில். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான். முஹன்னத் பணியில், யஸன்தான் காபி ஊற்றினான். ஷேக் நவ்வாஃப் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. எதிரே தரையில் வைத்தார். முப்பது பேரும் வைத்தார்கள். கேட்டது கிடைக்காமல் குடிக்கமாட்டோம் என்று அதற்கு அர்த்தம். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே மாடிப்படியில் லுஜைன்.

"அபூ முஹன்னத், எங்களுக்கு உங்ககிட்ட ஒரு வேண்டுதல் இருக்கு" என்றார் ஷேக், முஹன்னத்தின் அப்பா என்று மாமாவை அழைத்து.

கேட்ட பிறகு பதில் சொல்லலாம். கேட்கும் முன்பே கொடுப்பவனுக்குப் பேர் பெரிசு. மாமா எழுந்து நின்றார். அவர் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதில்லை.

"காபியைக் குடிங்க ஷேக். வந்த காரியம் கிடைச்சாச்சு."

"கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான். இந்த வீட்டுல எது இருந்தாலும் அது உங்களுது."

ஷேக் குடித்தார். முப்பது பேரும் குடித்தார்கள். கோப்பைகள் கீழே வைக்கப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு சொன்னார்: "அல்லாஹ் உங்க வீட்டைச் செழிக்க வைக்கட்டும். உங்க மருமக மனுவை வாபஸ் வாங்கணும். ஸமாஹெருக்கு ஓட்டுப் பிரியுது."

மாமியார் கை என் தோளில் அப்படியே குளிர்ந்துபோயிற்று.

 'நான் வேறொன்று நினைத்தேன்' என்று மாமா சொல்லலாம். சொன்னால் மகளைக் கொடுக்கக் காத்திருந்தவன் என்று ஊர் சிரிக்கும். சொல்லவில்லை. "கிடைச்சாச்சுன்னு சொன்னேனே" என்றார். குனாஃபாவைக் கொண்டுவரச் சொன்னார்.

சாப்பிட்டார்கள். எல்லாத் தட்டையும் காலி பண்ணினார்கள். லுஜைனுக்காக வாங்கின இனிப்பைத் தின்றுவிட்டு என்னை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வேலையும் போச்சு. இப்ப இதுவும். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? திரைக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன். நான்தானே அந்தக் காபியை வறுத்தேன்.

பிப்ரவரி 26, சனி

முஹன்னத் வந்தார். படியிலேயே யஸன் எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறான்.

"அப்பா சொல்லைக் குடுத்துட்டார்" என்றார்.

"என் பேரைக் குடுத்தார்."

"அவர் பேர் போயிடும் அரீஜ். முப்பது பேர் முன்னாடி."

"அந்தப் பக்கம் ஒம்பது குழந்தைங்க. அவங்க முன்னாடி என் பேர்?"

தாலாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் அழவேயில்லை.

வாபஸ் தாளில் நானே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எனக்காக வேறு யாரும் போட முடியாது. கடைசி நாள் மார்ச் 8.

மார்ச் 1, செவ்வாய்

மாமா என்னோடு பேசுவதில்லை. நான் அவரோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்கிறார். அவர் என்னிடம் சொல்கிறார். உப்பு எனக்கும் அவருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தெரு விளக்குக் கம்பத்தில் இருந்த என் சுவரொட்டியை யாரோ கிழித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. யஸன் விரலில் பசை.

லுஜைன் பச்சை உடுப்பைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். "அவன் காரை மறுபடி பார்த்தா டயர்ல ஆணி அடிப்பேன் அண்ணி."

மார்ச் 3, வியாழன்

தாலாவுக்குக் காய்ச்சல். பல்லால்தான், எனக்குத் தெரியும், எட்டு வருடம் மற்ற அம்மாக்களுக்கு நான்தான் சொன்னேன். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். என் பிடிவாதத்துக்குத் தண்டனையோ? இப்படி யோசிப்பது பாவம். யோசிக்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிடலாம். வீடு பழையபடி ஆகும். நான்? நான் என்ன ஆவேன்?

மார்ச் 4, வெள்ளி

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி வாதியைக் கடந்தேன். தண்ணீர் இல்லை, கற்கள்தான். உம்மு ஸக்ரிடம் ஜாஹா கதையைச் சொன்னேன். அழுதுவிடக் கூடாது என்று வேகமாகச் சொன்னேன். அவள் ஸைலைத் தோளில் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"குனாஃபாவுமா தின்னானுங்க?"

"தின்னாங்க."

"அதுல பாக்கி வெச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

நான் கிளம்பும்போது "உங்க வீட்டுல பதினொரு கோப்பை இருக்கா?" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

நான்கு மணிக்கு வந்தார்கள். பதினொரு பேர். எல்லோரும் நல்ல கறுப்பு உடுப்பு, சிலர் கையில் குழந்தை. சமையலறை வாசலுக்கு வரவில்லை, நேரே கூடத்து வாசலுக்குப் போனார்கள். உம்மு ஸக்ர் முன்னால்.

"அபூ முஹன்னத், ஜாஹா வந்திருக்கோம்."

மாமா தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். "பொம்பளைங்க ஜாஹாவா?"

"இன்னிக்கு வந்திருக்கு. உட்காரச் சொல்வீங்களா, நிக்கவா?"

வாசலுக்கு வந்தவர்களை நிற்க வைக்கும் மனிதர் இல்லை அவர். உட்காரச் சொன்னார். முஹன்னத் இன்று வீட்டில் இருந்தார். அவரே காபிக் கூஜாவை எடுத்து ஊற்றினார்.  பதினொரு கோப்பைகளும் தரைக்குப் போயின. ஒரு பெண் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கோப்பையுமாகத் தடுமாறினாள். முஹன்னத் குனிந்து அவளுக்காகக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு" என்றாள் உம்மு ஸக்ர்.

மாமா அவளைப் பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார்.

"முதல்ல என்னன்னு சொல்லுங்க."

"ஏன், போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி கேக்காமலே குடுத்தீங்களாமே? ஆம்பளைங்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். லுஜைனாகத்தான் இருக்கும். மாமா முகம் சிவந்தது. உம்மு ஸக்ர் குரலை இறக்கினாள்.

"என் மருமக நனைஞ்ச தார்ப்பாய்ல பெத்தா. நான் ஒரு கையால அவ வாயைப் பொத்தினேன், இன்னொரு கையால புள்ளையை வாங்கினேன். எங்களுக்காகப் பேச ஒருத்திதான் வந்தா. அவளைத் திருப்பிக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

  ஒரு குழந்தை கோப்பையைத் தொடப் போனது, அதன் தாய் கையைப் பிடித்து இழுத்தாள். காபியில் ஆவி அடங்கிப்போயிற்று.

பிறகு மாமா சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி:

"அன்னிக்கு என் பொண்ணைக் கேக்க வந்திருக்காங்கன்னு நினைச்சேன்."

மாமியார் என் பக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தார். இது நாளைக் காலைக்குள் ஊர் முழுக்கப் போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"அதான் கேக்காம குடுத்தேன். என் கையில இல்லாததைக் குடுத்துட்டேன். கையெழுத்து அவ கையில இருக்கு. ஷேக்குகிட்ட இதை நானே போய்ச் சொல்றேன். ஆனா என் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேணும். என் ஓட்டும், என் பிள்ளைங்க ரெண்டு பேர் ஓட்டும் ஸமாஹெருக்கு. அதை என்கிட்ட கேக்காதீங்க. குடிங்க."

உம்மு ஸக்ர் கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஆறிப்போச்சு. பரவாயில்லை, வெள்ளத்துல நின்னதைவிட இது சூடுதான்."

மாமா என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது திரைக்கு அருகில் ஒரு நொடி நின்றார். அவ்வளவுதான்.

மார்ச் 8, செவ்வாய்

மாமா ஞாயிறு இரவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஷேக் விடுவிக்கவில்லை. "முப்பது பேர் முன்னாடி வாங்கின சொல்லை முப்பது பேர் முன்னாடிதான் திருப்பித் தரணும்" என்றாராம். இன்று காலையிலிருந்து தொலைபேசி. ஒவ்வொரு அழைப்புக்கும் மாமாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒன்பது மணிக்கு யஸன் வந்து, "அண்ணா, அண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கையெழுத்தை முடிச்சுட்டு வந்துடு. அப்பா செத்துப்போயிடுவார்" என்றான்.

முஹன்னத் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.  காரில் போய் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கார் அசையவில்லை. மறுபடி. அசையவில்லை.

"பேட்டரி போச்சு போல" என்றார்.

யஸன் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்கப் போனான். அவர்களிடம் இல்லை. முஹன்னத் வாசற்படியில் உட்கார்ந்து தாலாவுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு மணிக்கு என்னிடம் கேட்டார்: "நீ போகணும்னு நினைக்கிறியா? நடந்தே போகலாம். நான் கூட வர்றேன்."

ஐந்து வருடத்தில் என்னை அவர் கேட்ட முதல் கேள்வி இது என்று தோன்றியது. மிகைப்படுத்துகிறேனோ?

"போகலை" என்றேன்.

"சரி."

மூன்று மணிக்கு அலுவலகம் மூடியது. துடைப்பம் எடுக்கப் போனபோது மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையில் ஏதோ கனமாகச் சுற்றி வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். கார் பேட்டரி.

திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

மார்ச் 15

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குகிறேன். பாதிப் பேர் கதவைத் திறந்ததும் குனாஃபா பற்றிக் கேட்கிறார்கள். மாமா மசூதிக்குத் தூரத்துத் தெருவழியாகச் சுற்றிப் போகிறார். அதைப் பார்க்கும்போது ஜெயிக்கவே வேண்டாம் போல இருக்கிறது. பிறகு வாதி ஞாபகம் வருகிறது.

மார்ச் 21, திங்கள்

நாளை வாக்குப்பதிவு. வானிலையில் மழை என்கிறார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் வாக்குச்சாவடி இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான். எதற்காக நிற்கிறேனோ அதுவே என்னைத் தோற்கடிக்கப் போகிறது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. முஹன்னத்திடம் சொன்னேன். ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "ம்" என்றார்.

மார்ச் 22, செவ்வாய்

மழை. ஆறு மணிக்கே. பெண்கள் சாவடி வாசலில் குடைக்குள் நின்றேன். ஒன்பது மணிவரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் இல்லை. வாதியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றார்கள். ஸமாஹெர் எனக்குத் தன் பிளாஸ்கிலிருந்து டீ கொடுத்தார். "உனக்கு இப்படி ஆகணும்னு நான் நினைக்கலை" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். குடித்தேன்.

பத்தரைக்குத் தெருமுனையில் சத்தம். சேறு தெறிக்க ஒரு டிராக்டர், பின்னால் தொட்டியில் தார்ப்பாய்க்கு அடியில் பெண்கள், நிற்கவும் இடமில்லாமல். இறங்கியவர்களில் முதல் ஆள் உம்மு ஸக்ர்.

"உன் புருஷனுக்குப் பேச்சு வராதா? ரெண்டு தடவை வாதியைக் கடந்துட்டான், ஒரு வார்த்தை பேசலை. ஊமைப் பையனுக்குப் பொண்ணு குடுத்துட்டாங்களேன்னு உன்னை நினைச்சுப் பரிதாபப்பட்டேன்."

ஓட்டுநர் இருக்கையில் முஹன்னத். முழுக்க நனைந்து. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். மாலைவரை எத்தனை முறை போய் வந்தார் என்று எண்ணவில்லை. நடுவில் ஒரு முறை ஆண்கள் சாவடிக்குள் போய்விட்டு வெளியே வந்தார். அப்பாவோடும் யஸனோடும் சேர்ந்து. மூவரும் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 24

பெண்களுக்கு மூன்று இடங்கள். ஸமாஹெர் முதலாவது. நான் மூன்றாவது. நான்காவதாக வந்தவரைவிட இருபத்தாறு ஓட்டு அதிகம்.

சாவடிப் பட்டியலை வாசலில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் போட்ட பெட்டியில் எனக்கு ஏழு ஓட்டு. நெடுநேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

மார்ச் 30, புதன்

இன்று சாப்பாட்டின்போது மாமா நேரே என்னிடம் கேட்டார்: "உப்பை இப்படித் தள்ளு." தள்ளினேன். "பாலத்துக்கு எத்தனை குழாய் வேணும்?" என்றார். நான்கு என்றேன். "அஞ்சு கேளு, நாலு குடுப்பாங்க" என்றார்.

முஹன்னத், இந்த நோட்டை முதல்முறையாக உங்கள் தலையணைப் பக்கம் வைக்கிறேன். காலையில் பணி முடிந்து வரும்போது நானும் தாலாவும் தூங்கிக்கொண்டிருப்போம். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். உங்களைப் பற்றிச் சில இடங்களில் கோபமாக எழுதியிருக்கிறேன், அடித்து அழிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. பேட்டரி பற்றியும் இருக்கிறது.

யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு நகர்மன்றத்தின் முதல் கூட்டம். நோன்பு என்பதால் காபி கிடையாது, அந்த மட்டும் நிம்மதி. அந்த நேரத்தில் தாலாவை யார் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் கீழே எழுதிவிடுங்கள், இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.